வரிசையை மாற்றினால் எழுதி வை

ரேஷன் கடை, தாசில்தார் அலுவலகம், கலந்தாய்வு, விடுதிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை என்று ஏதாவது ஒரு பட்டியலில் நம் பெயரைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். பெயர் இருக்கிறதா, எத்தனையாவது இடம், நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல் வைத்துப் பார்க்கிறோம். அந்த வரிசையை எந்த விதியின்படி போட்டார்கள், போன ஆண்டும் இதே விதிதானா, மாற்றியிருந்தால் யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்குக் குறைவு. கேட்டாலும், "கம்ப்யூட்டர் போட்டது தம்பி, நாங்க என்ன பண்றது" என்பதுதான் பதிலாக வரும்.

கம்ப்யூட்டர் தானாக எந்த வரிசையையும் போடுவதில்லை. எதற்குப் பின் எது வரவேண்டும் என்று யாரோ சில மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அந்த யாரோ சிலரில் நாங்களும் அடக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தமிழ்ச் சொற்களையும் பெயர்களையும் அகரவரிசைப்படுத்தும் ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரித்து வருகிறோம். லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கும் இடமல்ல. மற்ற நிரலாளர்கள் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் தயார் நிரல். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து, படிப்பு முடிந்து, இரவில் செய்வது.

இதில் நிரல் எழுதும் வேலையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நாங்கள் பேச நினைப்பது யாரும் விரும்பிச் செய்யாத இன்னொரு வேலையைப் பற்றி. அதுதான் வெளியீட்டு வரலாறு எழுதுவது. சேஞ்ச்லாக் என்பார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் எது புதிதாக வந்தது, எது மாறியது, எது நீக்கப்பட்டது என்று தேதி போட்டு எழுதும் ஒரு கோப்பு. எங்கள் நான்கு பேருக்குள் அதிகச் சண்டை நடந்தது நிரலைப் பற்றியல்ல, இந்தக் கோப்பில் வரும் சொற்களைப் பற்றித்தான்.

முதலில், தமிழை வரிசைப்படுத்த தனியாக ஒரு லைப்ரரி எதற்கு என்ற கேள்வி வரும். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எதுவும் சொல்லாமல் விட்டால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்த்து அடுக்கும். அந்த எண் வரிசை நாம் பள்ளியில் படித்த வரிசை அல்ல. அதில் ந-வை அடுத்தே ன வருகிறது, ர-வை அடுத்தே ற வருகிறது. ல, ள, ழ மூன்றும் அடுத்தடுத்து நின்று, அதன் பிறகுதான் வ. ஆய்த எழுத்தோ அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. அதனால் வலி, வழி, வளி என்று அகராதியில் வரவேண்டிய மூன்று சொற்களும் வலி, வளி, வழி என்று வரும். மலை, மழை, மறை என்பது மறை, மலை, மழை ஆகிவிடும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. அகராதியில் அகத்துக்கு முன்னால் வரவேண்டிய அக்கா, அகத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

இதைச் சரிசெய்யும் நிரல் பெரிதல்ல. சில நூறு வரிகள். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது? ஜ என்ற எழுத்தை ச-வின் பக்கத்தில் வைப்பதா, எல்லாத் தமிழ் எழுத்துகளும் முடிந்து ன-வுக்குப் பிறகு வைப்பதா? ஒலியைப் பார்த்தால் ச-வின் பக்கம் வசதி. அகராதி மரபைப் பார்த்தால் கடைசி. எங்கள் லைப்ரரியின் முதல் வரிசைப் பதிப்புகளில் ஜ ச-வின் பக்கத்தில் இருந்தது. நூலகப் பட்டியல் தயாரிப்பவர்களும் சொற்பட்டியல் தொகுப்பவர்களும் தொடர்ந்து கேட்டதால், அகராதி மரபுக்கு மாறுவது என்று முடிவு செய்தோம்.

அந்த மாற்றத்துக்கு நிரலில் தேவைப்பட்டது சில வரிகள்தான். வெளியீட்டு வரலாற்றில் அதை எப்படி எழுதுவது என்பதற்கு மூன்று வாரம் ஆனது.

புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், "இது சின்ன மாற்றம்தானே அண்ணா, கடைசி எண்ணை மட்டும் ஏத்தி விட்டுடலாமே" என்றார். பதிப்பு எண் மூன்று பகுதிகளாக இருக்கும் என்பது நிரல் படிப்பவர்களுக்குத் தெரியும். கடைசி எண் மாறினால் பிழை திருத்தம். நடு எண் மாறினால் பழையதைக் கெடுக்காமல் ஏதோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முதல் எண் மாறினால், உங்கள் பழைய நிரல் இனி முன்போல நடந்துகொள்ளாமல் போகலாம், படித்துவிட்டு எடுங்கள் என்று பொருள். செமான்டிக் வெர்ஷனிங் என்ற இந்த ஒழுங்கை உலகமெங்கும் பல திட்டங்கள் பின்பற்றுகின்றன. தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எந்த ஃபங்ஷனின் பெயரும் மாறவில்லை. யாருடைய நிரலும் நின்றுபோகாது. எங்கேயும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வராது.

எங்களில் மூத்த அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பிழைச் செய்தி வந்தா நல்லதுதானே. யாராவது பார்ப்பாங்க. இது சத்தமே இல்லாம ஆளோட இடத்தை மாத்திடும். அகராதிக்குச் சரி. ஆள் பேர் இருக்கிற பட்டியல்ல?"

அந்தக் கேள்விக்குப் பிறகு விவாதம் முடிந்தது. வரிசைப்படுத்தும் லைப்ரரி வெளியே தரும் ஒரே பொருள் வரிசை. வரிசை மாறினால் எல்லாமே மாறியதாகத்தான் கணக்கு. முதல் எண்ணை மாற்றி 2.0.0 என்று வெளியிட்டோம். வரலாற்றுக் கோப்பில் இப்படி எழுதினோம்: "ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் இனி ன-வுக்குப் பின் வரும். இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் பட்டியலின் கடைசிக்குச் செல்லும். மனிதர்களின் பெயர்ப் பட்டியலுக்குப் பயன்படுத்துவோர், ஒரு சேர்க்கையோ தேர்வோ நடந்துகொண்டிருக்கும்போது இந்தப் பதிப்புக்கு மாற வேண்டாம். பழைய வரிசையே வேண்டுவோருக்கு ஒரு விருப்ப அமைப்பு தரப்பட்டுள்ளது."

மற்றவர்கள் பார்த்தால் இவ்வளவு பில்டப் தேவையா என்று கேட்கலாம். தேவை என்பதற்கு எங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

ஜாவா மொழி 2011-இல் தன் 7-ஆம் பதிப்பில் பொருள்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. அதுவரை இருந்தது மெர்ஜ்சார்ட். புதிதாக வந்தது டிம்சார்ட். ஒப்பிடும் விதி தனக்குத்தானே முரண்பட்டால், அதாவது அ-வைவிட ஆ பெரிது, ஆ-வைவிட இ பெரிது, இ-யைவிட அ பெரிது என்று சுற்றினால், பழைய முறை வாயைத் திறக்காமல் ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்துவிடும். புதிய முறை அதைக் கண்டுகொண்டால் பிழை என்று நிறுத்திவிடும். அதனால் நேற்றுவரை ஓடிய சில நிரல்கள் இன்று நின்றுபோகும் வாய்ப்பு இருந்தது. அதைப் பதிப்புக் குறிப்பில் எழுதினார்கள். பழைய முறைக்கே திரும்புவதற்கான அமைப்பு ஒன்றையும் கொடுத்து, அதன் பெயரையும் அங்கேயே போட்டார்கள். மாற்றம், அதனால் யாருக்குப் பாதிப்பு, பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம் என்ற மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. நல்ல வெளியீட்டுக் குறிப்புக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் தேவையில்லை.

மாணவத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, ஸ்டேபிள் சார்ட் எனப்படும் நிலைத்த வரிசை. ஒரு பட்டியல் விண்ணப்பித்த தேதிப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மதிப்பெண்படி மறுபடி அடுக்குகிறோம். இரண்டு பேருக்கும் 480 மதிப்பெண். முதலில் விண்ணப்பித்தவர் முதலிலேயே நிற்பாரா? நிலைத்த முறையில் நிற்பார். சமமானவர்களின் பழைய வரிசையை அது கலைக்காது. நிலையில்லாத முறை அவர்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். காரணம் கேட்டால் காரணமே இருக்காது.

கூகுள் குரோம் பிரவுசருக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் பெயர் வி8. 2018 வரை அதில் ஒரு வினோதம் இருந்தது. பட்டியலில் பத்துப் பேர் வரை இருந்தால் வரிசை நிலைத்தது. பதினொன்றாவது ஆள் வந்துவிட்டால் வேறு முறைக்கு மாறிவிடும், சமமானவர்களின் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. ஐந்து பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்த்த நிரலாளருக்கு எல்லாம் நியாயமாகத் தெரியும். இருநூறு பேரின் பட்டியல் வந்தால் அந்த நியாயம் நிற்காது. 2018-இல் வி8 7.0 பதிப்பில் இது மாறியது. ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் 2019 தரநிலை, வரிசை நிலைத்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று விதியாக்கியது. பிஎச்பி மொழி 2020-இல் வந்த 8.0 பதிப்பில்தான் அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தது. இந்த ஆண்டுகளும் பதிப்பு எண்களும் நமக்குத் தெரிவது எப்படி? அந்தத் திட்டங்கள் எழுதி வைத்ததால். 2017-இல் வந்த ஒரு பட்டியலில் சமமான இருவர் ஏன் இடம் மாறினார்கள் என்று இன்றைக்கும் ஒருவர் தேடினால் விடை கிடைக்கும்.

டிம்சார்டின் சொந்த வரலாறும் படிக்கவேண்டியது. டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தான் மொழிக்காக அதை எழுதினார். 2003-இல் வந்த பைத்தான் 2.3 பதிப்பில் வெளியானது. நிரலோடு சேர்த்து ஒரு நீண்ட உரைக் கோப்பையும் எழுதி வைத்தார். இந்த முறை ஏன், இதற்கு முன்னிருந்த முறையோடு ஒப்பிட்டால் கணக்கு எப்படி வருகிறது என்று அட்டவணை போட்டு விளக்கும் கோப்பு அது. இன்றும் பைத்தானின் மூல நிரலோடு கூடவே இருக்கிறது. 2022-இல் பைத்தான் 3.11 பதிப்பில், துண்டுகளை எந்த ஒழுங்கில் இணைப்பது என்ற விதி பவர்சார்ட் என்ற முறைக்கு மாறியது. மாற்றியவர்கள் பழைய கோப்பைத் தூக்கி எறியவில்லை. புதிய விதியின் விளக்கத்தை அதிலேயே சேர்த்தார்கள். இருபது ஆண்டு இடைவெளியில் வேலை செய்தவர்கள் ஒரே கோப்பில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

இடையில் 2015-இல், நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் உள்ள ஆய்வாளர்கள் ஜாவாவின் டிம்சார்ட் சரியானது என்று கணித முறையில் நிறுவ முயன்றார்கள். நிறுவ முடியவில்லை. உள்ளே ஒரு பிழை இருந்தது. மிக நீளமான, குறிப்பிட்ட வகையில் அமைந்த பட்டியலைக் கொடுத்தால் நிரல் உடைந்துபோகும். உலகமெங்கும் எத்தனையோ கணினிகளிலும் ஃபோன்களிலும் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது. எழுதப்பட்டு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜாவாவில் உடனே ஒரு திருத்தம் செய்தார்கள். 2018-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தத் திருத்தமும் போதாது என்று காட்டினார்கள். மறுபடியும் திருத்தினார்கள். இதையெல்லாம் மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முதல் திருத்தம் என்ன, ஏன் செய்யப்பட்டது என்று எழுதியிருந்ததால்தான் இரண்டாவது குழு அதைச் சோதிக்க முடிந்தது.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம்.

ஒரு கல்வி நிறுவனத்தின் விடுதிச் சேர்க்கையில் எங்கள் லைப்ரரி பயன்பட்டது. பயன்படுத்துவதாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை, சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஓப்பன் சோர்ஸின் இயல்பு அது. அங்கே மதிப்பெண் சமமானால் பெயரின் அகரவரிசை. கடைசி சில இடங்களுக்கு ஒரே மதிப்பெண்ணில் பல பேர். முதல் பட்டியல் ஒட்டப்பட்டபோது ஒரு மாணவியின் பெயர் இடம் கிடைத்தவர்களுக்குள் இருந்தது. சில நாள் கழித்துத் திருத்தப்பட்ட பட்டியல் என்று இன்னொன்று ஒட்டினார்கள். அதில் அவர் வெளியே. மதிப்பெண் மாறவில்லை. புதிதாக யாரும் சேரவில்லை. அவர் பெயர் ஜ-வில் தொடங்குகிறது.

அலுவலகத்தில் கேட்டதற்கு வழக்கமான பதில்தான். கம்ப்யூட்டர் போட்டது. ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது, விடுதி இல்லையென்றால் படிப்பை விடவேண்டும் என்ற நிலை. நம் வாசிப்பு வட்டத்தில் இருந்த ஒரு தோழர் வழியாக எங்களுக்கு ஃபோன் செய்தார். இரண்டு பட்டியலையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். "அக்கா, ஜ-வுல ஆரம்பிக்கிற மூணு பேரும், ஸ-வுல ஆரம்பிக்கிற ஒருத்தரும் மட்டும் கீழ போயிருக்கோம். மத்தவங்க அப்படியே இருக்காங்க. இது என்னன்னு சொல்லுங்க" என்றார். பாதியை அவரே கண்டுபிடித்திருந்தார்.

வெளியீட்டு வரலாற்றின் இணைப்பை அனுப்பினோம். 2.0.0 பதிப்பின் தேதியையும், மேலே சொன்ன நான்கு வாக்கியங்களையும் அவர் அச்செடுத்துக்கொண்டு போனார். அலுவலகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "முதல் பட்டியல் எந்தப் பதிப்பில் போட்டது, இரண்டாவது எந்தப் பதிப்பில் போட்டது?" அதற்குக் கம்ப்யூட்டர் போட்டது என்று பதில் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து, சேர்க்கை நடுவில் வரிசை விதி மாறியதாக எந்த அறிவிப்பும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு முதல் பட்டியலையே வைத்துக்கொண்டார்கள். அவர் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அவரை உள்ளே சேர்த்தது எங்கள் லைப்ரரி அல்ல. ஒரே மதிப்பெண் எடுத்தவர்களில் அ-வில் தொடங்கும் பெயருக்கு இடம், ஜ-வில் தொடங்கும் பெயருக்கு இடமில்லை என்ற விதியே கேள்விக்குரியது. முதல் பட்டியல் நின்றதால் வேறொருவர் வெளியே நின்றார் என்பதும் உண்மை. பொறியியல் கலந்தாய்வில் இதற்காகத்தான் ரேண்டம் எண் கொடுத்து, அதைத் தரவரிசைக்கு முன்பே வெளியிடுகிறார்கள். விதி சரியா என்பது வேறு போராட்டம். அந்தப் போராட்டத்தைத் தொடங்குவதற்கே, விதி என்ன, அது எப்போது மாறியது என்று முதலில் தெரியவேண்டும். தேதி போட்ட நான்கு வாக்கியங்கள் செய்த வேலை அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பாடம். அந்த மென்பொருளைச் செய்துகொடுத்தவர் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "சேர்க்கை நடக்கும்போது மாற வேண்டாம்" என்ற வரியால் தனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் பொதுவாக மாற்றி எழுத முடியுமா, "வரிசை மேம்படுத்தப்பட்டது" என்று போட்டால் போதுமே என்று கேட்டிருந்தார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது, புரிகிறது. முடியாது என்று எழுதினோம். வெளியான பதிப்பின் பதிவை மாற்றுவதில்லை. விளக்கம் தேவையென்றால் அடுத்த பதிப்பில், புதிய தேதியில் சேர்ப்போம். அழிப்பதில்லை.

நாங்கள் நினைத்தாலும் சுத்தமாக அழிக்க முடியாது என்பது இன்னொரு செய்தி. கிட் என்ற பதிவு முறையில் ஒவ்வொரு மாற்றமும் தனக்கு முந்தைய மாற்றத்தின் அடையாளத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பழைய ஒன்றைத் தொட்டால் அதன் பிறகு வந்த எல்லாவற்றின் அடையாளமும் மாறிவிடும். ஏற்கெனவே நகல் வைத்திருப்பவர் ஒப்பிட்டால் தெரிந்துபோகும். எங்கள் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தால் அது எங்கள் குறிப்பு. முகம் தெரியாத பல பேரின் கணினியில் நகலாக இருப்பதால்தான் அது ஆவணம்.

"மேம்படுத்தப்பட்டது" என்ற சொல்லை எங்கள் கோப்பில் தடை செய்திருக்கிறோம். உங்கள் ஃபோனில் ஆப் அப்டேட் வரும்போது பாருங்கள். பல பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது என்று மட்டும் இருக்கும். எந்தப் பிழை, யாருக்கு இருந்தது, இப்போது என்ன ஆனது என்று ஒன்றும் இருக்காது. மேம்பாடா இல்லையா என்பதைச் சொல்லவேண்டியவர் பயன்படுத்துபவர். எழுதுபவரின் வேலை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்வது.

இன்னும் சில சின்ன ஒழுங்குகள் உண்டு. புதிய பதிப்பு மேலே, பழையது கீழே. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்றே எழுதுவோம். 03/04 என்று எழுதினால் இங்கே ஏப்ரல், அமெரிக்காவில் மார்ச். சேர்க்கப்பட்டவை, மாறியவை, விரைவில் நீக்கப்படுபவை, நீக்கப்பட்டவை, திருத்தப்பட்டவை, பாதுகாப்பு என்று தலைப்பு பிரிப்போம். இது கீப் எ சேஞ்ச்லாக் என்ற பரவலான வழிகாட்டியிலிருந்து எடுத்தது. ஒன்றை நீக்குவதற்கு முன் "விரைவில் நீக்கப்படும்" என்று ஒரு பதிப்பிலாவது அறிவித்திருக்கவேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் யாருடைய காலடியிலிருந்தும் எதையும் உருவுவதில்லை.

நன்றி வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். கிட் பதிவில் நிரல் எழுதியவர் பெயர் மட்டும்தான் வரும். ஆனால் எங்கள் லைப்ரரியில் சரியாக இருக்கும் பாதி விஷயங்கள் நிரலே தெரியாதவர்களால் வந்தவை. ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வேலை செய்யும் ஓர் அம்மா, தான் கையால் அடுக்கிய முந்நூறு புத்தகத் தலைப்புகளை நோட்டில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். ஆய்த எழுத்துக்கான சோதனைகள் முழுக்க அந்த நோட்டிலிருந்து வந்தவை. அவர் பெயர் வெளியீட்டு வரலாற்றில் இருக்கிறது, நிரல் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். யாருடைய உழைப்பு பதிவாகிறது, யாருடையது பதிவாகாமல் போகிறது என்பது நமக்குப் புதிய கேள்வி அல்லவே. அதேபோல ஒருவர், தன் பெயரோடு ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்றார். ஊர்ப் பெயரிலிருந்து தெருவையும் தெருவிலிருந்து சாதியையும் கண்டுபிடிக்கும் நாடு இது. அவர் கேட்டபடி ஒரு புனைபெயரில் இருக்கிறார். பதிவு என்பது வேலைக்குக் கணக்கு, ஆளைக் காட்டிக்கொடுப்பதற்கு அல்ல.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கான பட்டியல் ஆதி ஆந்திரர், ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர் என்று ஆங்கில அகரவரிசையில் தொடங்கும். யார் மேல், யார் கீழ் என்ற படிநிலை அதில் கிடையாது, எழுத்து மட்டும்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. அதே ஆணையின் மூன்றாம் பத்தி, பெரும்பாலும் இந்துக்கள் மட்டும் என்று இருந்து, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தப்பட்டது. எந்தச் சொல் எந்தச் சட்டத்தால் எந்த ஆண்டு சேர்ந்தது என்று அடிக்குறிப்பு சொல்லும். அந்த அடிக்குறிப்பை வைத்துத்தான் கிறித்தவ தலித்துகள் இன்றுவரை வாதாடுகிறார்கள். 1956-இல் மாற்ற முடிந்தது, 1990-இல் மாற்ற முடிந்தது, இப்போது ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். மாறியதற்கான பதிவு இருக்கும் இடத்தில்தான் இன்னும் மாறலாம் என்று பேச முடியும். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லும் எந்த வரிசைக்கும் அந்தப் பதிவு இருக்காது.

தோழர்களே, நீங்கள் எல்லோரும் நிரலாளராகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு பட்டியலில் உங்கள் இடம் மாறியிருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சமமானவர்களை எந்த விதியால் பிரித்தீர்கள்? அந்த விதி எந்தத் தேதியிலிருந்து? எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? பதிலை எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. முதலில் ஒட்டிய பட்டியலை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி அன்று அதைச் செய்திருக்காவிட்டால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

நிரல் படிக்கும் தோழர்கள், ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் எங்கே தொடங்குவது என்று எங்களிடம் கேட்கிறீர்கள். வெளியீட்டு வரலாற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே எங்கள் பதில். உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு திட்டத்தின் கோப்பைத் திறந்து, ஒரு பதிவைப் படித்து, அது சொல்வதுபோலவே நிரல் நடக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் அதை எழுதி அனுப்புங்கள். முதல் பங்களிப்பு முடிந்தது.

எங்கள் அடுத்த வெளியீட்டில் முன்னெழுத்தோடு கூடிய பெயர்களை எப்படி அடுக்குவது என்று பார்க்கப்போகிறோம். தாயின் முன்னெழுத்தும் தந்தையின் முன்னெழுத்தும் சேர்த்து எழுதும் பெயர்கள், முன்னெழுத்தே இல்லாத பெயர்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதிய முன்னெழுத்துகள் எல்லாம் வேண்டும். உண்மையான ஆட்களின் பட்டியலை அனுப்பாதீர்கள். நீங்களே உட்கார்ந்து, உங்கள் ஊரில் பெயர்கள் எப்படி எழுதப்படுகின்றனவோ அப்படி இருபது கற்பனைப் பெயர்களை எழுதி, அவை எந்த வரிசையில் வரவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்த வரிசையில் அனுப்புங்கள். ஏன் அந்த வரிசை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு முக்கியம்.

ஜெய் பீம்!